இன்னாசிமுத்து புடிச்சு வச்ச இடம்

பம்பாயில குளிருன்னு சொன்னா டெல்லிக்காரன் சிரிப்பான். சிரிச்சிட்டுப் போறான். நம்ம ஆளுகளுக்கு டிசம்பர் பொறந்துட்டா குளிக்கிற மோரியில தண்ணி தொடுறதுக்கே ஒரு ரோசனைதான். தாராவியில இருந்து செம்பூருக்கு முத ஷிப்டு வாற பயலுவ மப்ளரைக் காதோட சேத்து இறுக்கிக் கட்டி, பல்லுவலிக்காரன் மாதிரி வந்து எறங்குவானுவ. எறங்குனதும் மிஷினுக்கா போவானுவ? நேரா பாய்லர் ரூமுக்கு. அங்கன சுவத்துல முதுகைச் சாய்ச்சு பூனை மாதிரி நிப்பானுவ. சூபர்வைசர் சாவந்த் வந்து மராட்டியில அம்மா அப்பாவ விசாரிச்ச பெறவுதான் கலைவானுவ.

அந்த பாய்லர் ரூமுக்கு ராசா மாதிரி இருந்தவருதான் இன்னாசிமுத்து. அவரு கதையத்தான் சொல்லப் போறேன்.

நான் அந்தச் சோப்புக் கம்பெனி கேன்டீன்ல டீ போடுறவன். வானமாமலைன்னு பேரு. பள்ளிக்கூடம் என்னைய அஞ்சாங்கிளாஸோட கைகழுவிட்டு. ஆனா ஒண்ணு, டீ கிளாஸைத் தூக்கிட்டு வாறவனுக்கு எந்தக் கதவையும் யாரும் அடைக்க மாட்டாவ. மானேஜர் ரூம்ல பேசுறதும் நம்ம காதுக்கு வரும், கக்கூஸ் சுவருக்குப் பின்னால பேசுறதும் வரும். போதாக்குறைக்கு தாராவியில எங்க கோலிக்கும், ஒத்த ரூம் வீட்டத்தான் அங்க கோலிம்பாவ, இன்னாசி கோலிக்கும் நடுவுல ஒத்தத் தகரம்தான். அவுக வீட்டுல மிளகா தாளிச்சா எங்க வீட்டுல தும்முவோம். அதனால நான் சொல்லுறதுல பாதி கண்ணால கண்டது, மீதி தகரம் சொன்னது.

இன்னாசிக்கு ஊரு வடக்கன்குளம் பக்கம். வந்த புதுசுல தாராவி தோல் கிடங்குல வேலை பாத்தாரு. அந்த நாத்தம் தாங்காம எங்க கம்பெனியில கரி அள்ளுற வேலைக்கு வந்து, பெறவு பாய்லர் பரீட்சை எழுதி பாஸாகி பாய்லர்காரரா ஆனவரு. நெடுநெடுன்னு ஆளு. புருவம் கெடையாது. அடுப்புக் கதவத் தொறந்து தொறந்து அது கருகிப் போச்சு. அதனால எப்பப் பாத்தாலும் எதையோ கேட்டு ஆச்சரியப்படுத மாதிரியே ஒரு மொகம். சம்சாரம் சேசம்மா. ஒரே பொம்பளப் பிள்ள செல்வமேரி, அப்ப ஆறேழு வயசு இருக்கும்.

வெள்ளிக்கிழமை கவுச்சி தொட மாட்டாரு. பாய்லர்ல தண்ணி அளவு காட்டுற கண்ணாடிக்கு மேல ஒரு அந்தோணியார் படம் ஒட்டியிருந்தாரு. பக்கத்துல பிரம்மநாயகத்தோட திருச்செந்தூர் முருகன். அதுக்கும் பக்கத்துல சிராஜ் கொண்டாந்த மக்கா படம். இன்னாசி, பிரம்மநாயகம், சிராஜ், இந்த மூணு பேரும்தான் அந்த பாய்லருக்கு ஆளு, ஒரு ஷிப்டுக்கு ஒருத்தரு. பிரம்மநாயகம் பாளையங்கோட்டைப் பிள்ளைமாரு, நெத்தி நெறைய திருநீறு பூசுவாரு. அவரு நெத்தியில இருக்கது கோயில் சாம்பலா பாய்லர் சாம்பலான்னு சிராஜ் தினமும் கேப்பாரு. சிராஜ் மேலப்பாளையம்.

பாய்லருக்குப் பண்டிகை கெடையாது. கம்பெனியே பூட்டிக் கெடந்தாலும் கடாயில சரக்கு காய்ஞ்சுக்கிட்டுதான் இருக்கும். ஆவி நின்னா சோப்பு பாதி வேக்காட்டுல கல்லாப் போவும். அதனால மூணு பேரும் ஒரு ஏற்பாடு வச்சிருந்தாவ. பண்டிகை மாத்துன்னு அதுக்குப் பேரு. தீவாளி, பொங்கலுக்கு இன்னாசியும் சிராஜும் நிப்பாவ. ரம்சானுக்கு மத்த ரெண்டு பேரு. கிறிஸ்துமஸ், ஈஸ்டருக்கு டூட்டின்னு இன்னாசி பக்கமே யாரும் போகக்கூடாது. பிரம்மநாயகம் அடுப்புக்கு முன்னால உக்காந்து சேசம்மா குடுத்துவிட்ட முறுக்கைக் கடிச்சிக்கிட்டு இருப்பாரு. எத்தனையோ வருசம் இப்படி ஓடியிருக்கு. ஒரு சண்டை கெடையாது. கம்பெனி ஆபீஸ்ல எழுதி வச்ச சட்டம்கூட அவ்வளவு ஒழுங்கா நடந்ததில்ல.

அறுபத்தி நாலாம் வருசம் கடைசியில ஒரு சேதி வந்துது. ரோமாபுரியில இருந்து பாப்பரசர் பம்பாய்க்கு வாராரு. நம்ம தேசத்துல ஒரு பாப்பரசர் கால் வைக்கது அதுதான் மொத தடவ. தாராவியில கிறிஸ்தவங்க தெருவுல யாருக்கும் தூக்கம் இல்ல. இன்னாசிக்கு சுத்தமா இல்ல.

மனுசன் ஒண்ணரை மாசமா வேற பேச்சே பேசல. ஷிப்டு மாத்த வாற பிரம்மநாயகத்தைப் புடிச்சு வச்சு ஓதுவாரு. "அவரு யேசுவோட சீசன் ராயப்பர் உக்காந்த நாக்காலியில உக்காந்தவருவே. அவரு கையத் தூக்கி ஆசீர்வாதம் குடுத்தா வீட்டுல சாகக் கெடக்க கெழவிக்கும் சேத்துக் கெடைக்கும். அவரு கண்ணு ஒரு தடவ நம்ம மேல பட்டாப் போதும்வே. அந்தச் சென்மம் வேற சென்மம்."

"அப்படியா வே?" அப்படின்னு பிரம்மநாயகம் வாயைத் தொறந்துக்கிட்டுக் கேப்பாரு. "கண்ணு பட்டாலே போதுமா? தொட வேண்டாமா?"

"தொடுறதாவது! கண்ணு போதும்."

எனக்கு அப்பவே சிரிப்புதான். கடைக்காரன் பண்டத்தப் பத்தி இவ்வளவு பேசுனா வாங்க வாறவன் சும்மா போவானா?

இன்னாசி இடமும் பாத்து வச்சுட்டாரு. பாப்பரசர் சாந்தாகுரூஸ்ல விமானம் எறங்கி கோட்டைக்குக் கார்ல போவாரு, மாஹிம் வழியாத்தான் போகணும். மாஹிம்ல ஒரு இரானி ஓட்டல், அதுக்கு எதுத்தாப்புல ஒரு விளக்குக் கம்பம். அங்கன ரோடு லேசா வளையுது, எந்தக் காரும் மெதுவாத்தான் திரும்பும். ரெண்டு ஞாயித்துக்கிழமை அங்கன போய் நின்னு, பஸ்ஸு போறதையும் டாக்சி போறதையும் பாத்துட்டு வந்தாரு. வந்து பிரம்மநாயகத்துக்கிட்ட கரித்துண்டால தரையில படம் வரைஞ்சு காட்டுனாரு. இங்கன ஓட்டலு, இங்கன கம்பம், இங்கன நான், என் தோளு மேல செல்வமேரி.

அந்த வாரம் சிராஜ் தங்கச்சி கலியாணத்துக்கு ஊருக்குப் போயிட்டாரு. ராத்திரி ஷிப்டுக்குப் பக்கத்துக் கம்பெனியில இருந்து ஒரு ஆள எரவல் வாங்கியிருந்தாவ. இன்னாசிக்கு ரெண்டாம் ஷிப்டு. பாப்பரசர் வாறதும் சாயங்காலம். அப்ப பிரம்மநாயகம் முத ஷிப்டு முடிஞ்ச கையோட இன்னாசி ஷிப்டையும் சேத்துப் பாக்கணும்.

"அதுக்கென்னவே, இது உமக்கு கிறிஸ்துமஸுக்கும் மேலலா?" அப்படின்னாரு பிரம்மநாயகம். அடுப்புக் கதவத் தொறந்து, "இந்தக் கங்கு மேல சத்தியம். நீரு வாற வரைக்கும் நான் நவுரமாட்டேன்"னாரு. பாய்லர்காரனுக்கு அதுக்கு மேல சத்தியம் கெடையாது. நான் டீயோட அங்கனதான் நின்னேன்.

அன்னைக்கு புதன்கிழமை. மத்தியானமே இன்னாசி குடும்பத்தைக் கூட்டிக்கிட்டுக் கெளம்பிட்டதா எங்க வீட்டுல சொன்னா. கிறிஸ்துமஸுக்குத் தச்ச வெள்ளச் சட்டைய அன்னைக்கே எடுத்துப் போட்டுட்டாராம். சேசம்மா உக்கார ஒரு பலகை, குடிக்கத் தண்ணி, கட்டுச்சோறு, எல்லாம் எடுத்துக்கிட்டு, என்னமோ ஊருக்குப் போற மாதிரி போனாவளாம்.

இங்க கம்பெனியில மூணு மணிச் சங்கு ஊதுச்சு. கொஞ்சத்துல பிரம்மநாயகம் வயித்தப் புடிச்சிக்கிட்டு கேன்டீனுக்கு வந்தாரு. மொகமெல்லாம் வேத்திருக்கு. "வானமாமலை, உசுரு போவுது. எதாவது குடும்"னாரு. நான் பதறிப்போய் ஓமத்தண்ணி காய்ச்சிக் குடுத்தேன். ஒரு கிளாஸ் குடிச்சாரு. இன்னொரு கிளாஸ் கேட்டுக் குடிச்சாரு. சும்மா சொல்லக் கூடாது, வயித்து வலிக்காரன்கூட அப்படி நெளிய மாட்டான். சாவந்துக்கிட்டப் போய் கும்பிட்டாரு. சாவந்தும் பயந்துட்டாரு, போ போன்னு அனுப்பிட்டாரு.

அனுப்புன பெறவுதான் சாவந்துக்கு உறைச்சுது, பாய்லர்ல ஆளில்ல. கரி அள்ளுறவன் இருக்கான். அவன்கிட்ட பாய்லரை விட்டா செம்பூரு இருக்காது. சாவந்த் கேன்டீனுக்கு ஓடியாந்து, "வானமாமலை, ஜல்தி ஜாவ்! இன்னாசி கோ லேகே ஆவ்!"ன்னு என் கையில கம்பெனி சைக்கிளைக் குடுத்தாரு.

சயான் வரைக்கும் மிதிச்சேன். அதுக்கு மேல சைக்கிள் என்னைய மிதிச்சுது, அவ்வளவு கூட்டம். பர்தா போட்டவுக, பூணூல் போட்டவுக, சர்தார்ஜி, பானை செய்யுற தாராவி கும்பாரங்க, மாட்டுங்கா மாமிங்க, எல்லாரும் மேற்க பாத்துப் போறாவ. கிறிஸ்தவங்க மட்டும்தான் போறாவன்னு நெனைச்சிருந்தேன். பம்பாய்க்காரனுக்கு யாரு வந்தா என்ன, கூட்டம் ஒண்ணு போதும்.

இடம் எனக்கும் மனப்பாடம்தான? இரானி ஓட்டலு, விளக்குக் கம்பம். போலீஸ் கட்டுன கயித்துக்குப் பின்னால மொத வரிசையில வெள்ளச் சட்டையில நிக்காரு இன்னாசி. தோளு மேல செல்வமேரி. பக்கத்துல பலகையில சேசம்மா, கையில செபமாலை. அந்த மொகத்த எப்படிச் சொல்ல? புருவமில்லாத மொகம்லா, அன்னைக்குதான் அந்த ஆச்சரியத்துக்கு ஒரு அர்த்தம் இருந்துது.

என்னையப் பாத்ததும் அது சுருங்கிட்டு.

"என்னவே?"

"பாய்லர்ல ஆளில்ல. சாவந்த் கூட்டியாரச் சொன்னாரு."

"பிரம்மநாயகம் எங்க?"

"வயித்து வலி. துடிச்சிட்டாரு. வீட்டுக்குப் போயிட்டாரு."

பக்கத்துல நின்ன ஆளு சொன்னான், விமானம் எறங்கிட்டாம், கார் கெளம்பப் போவுதாம். இன்னாசி ரோட்டப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. திரும்ப ரோட்டப் பாத்தாரு.

சேசம்மா சொன்னா, "கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போங்க. இம்புட்டு நேரம் எரிஞ்சது இன்னும் கொஞ்சம் எரியாதா?"

"தண்ணி எறங்கிட்டா வெடிச்சிரும் பிள்ள. உள்ள எத்தன பேரு நிக்கான்." செல்வமேரிய எறக்கி அவ பக்கத்துல விட்டாரு. "எடத்த விட்டுராத. யாரும் தள்ளுனா கம்பத்தப் புடிச்சுக்க. வீட்டுக்குப் போனதும் பிரம்மநாயகம் வீட்டுல எட்டிப் பாரு. காந்திமதி ஒத்தையில கெடந்து தவிக்கும். கொஞ்சம் கஞ்சி வச்சுக் குடு."

காந்திமதி பிரம்மநாயகத்துச் சம்சாரம். நாலு கோலி தள்ளிக் குடியிருக்காவ.

சைக்கிளை உருட்டிக்கிட்டு ரெண்டு பேரும் நடந்தோம். ஊரே மேற்க வருது, நாங்க கெழக்க போறோம். ஒவ்வொருத்தனும் எங்களப் பாத்து, அங்க இல்ல, இந்தப் பக்கம்னு கையக் காட்டுதான். இன்னாசி உதடு அசைஞ்சுக்கிட்டே இருக்கு. என்னவேன்னு கேட்டேன். "பிரம்மநாயகத்துக்காக ஒரு அருள்நிறைஞ்ச மரியே சொல்லுதேன். குடல்ல எதாவது இருக்கப் போவுது"ன்னாரு.

பாய்லர் ரூம்ல வெள்ளச் சட்டையக் கழத்தி ஆணியில மாட்டிட்டு பனியனோட கரி அள்ளுற சவள எடுத்தாரு. சாயங்காலம் கேட்டுக்காரன் ரேடியோவ வச்சிக்கிட்டு, பாப்பரசர் போயிட்டாராம், சனம் லட்சக்கணக்குன்னு கத்துனான். இன்னாசி கையத் தொடச்சிட்டு மேற்க பாத்துச் சிலுவை போட்டாரு. பெறவு தண்ணிக் கண்ணாடியப் பாக்கத் திரும்பிட்டாரு.

மறுநாள் காலையில தகரத்துக்கு இந்தப் பக்கம் நான் பல்லு வெளக்கிக்கிட்டு இருக்கேன். அந்தப் பக்கம் செல்வமேரி கொஞ்சிக்கிட்டு இருக்கா.

"அப்பா, நான் பாத்தேனே! வெள்ளையா இருந்தாரு. கையை இப்படி இப்படின்னு ஆட்டுனாரு."

"எப்படிட்டி பாத்த? கூட்டத்துல உனக்கு எட்டியிருக்காதே?"

"பிரம்மநாயகம் மாமா தூக்கிக் காட்டுனாவ. மாமா தோளு உங்க தோள விட ஒசரம்."

எம் வாயில பிரசு அப்படியே நின்னுட்டு. அந்தப் பக்கம் காப்பி கொதிக்கிற சத்தம் மட்டும் கேக்குது.

"சேசம்மா."

"ம்."

"பிரம்மநாயகம் அங்கன வந்தானா?"

"நீங்க போன கொஞ்சத்துல வந்தாரு. காந்திமதியும் வந்துச்சு. கம்பத்துக்கிட்ட நேரா வந்துட்டாவ."

"வயித்து வலி?"

"இப்பத் தேவலைன்னாரு."

"நீ நம்புன?"

சேசம்மா காப்பிச் சட்டிய எறக்குற சத்தம் கேட்டுது. பெறவு சொன்னா, "நான் நம்புனா என்ன, நம்பாட்டி என்ன? கார் வந்துட்டு. பிள்ள எட்டல எட்டலன்னு அழுவுது. அவரு தூக்குனாரு. அந்த நேரத்துல வேண்டாம், எறக்குங்கன்னா சொல்ல முடியும்?"

"ராத்திரி நான் வந்ததும் சொல்லியிருக்கலாம்லா. கஞ்சி குடுத்தியான்னு கேட்டேன். குடுத்தேன்னுதானே தலைய ஆட்டுன?"

சேசம்மா பிள்ளைய மொகம் கழுவக் கூட்டிட்டுப் போயிட்டா. எனக்கு அதுக்கு மேல பல்லு வெளக்க ஓடல.

அன்னைக்கு கேன்டீன்ல மத்தியான டீ கொஞ்சம் சீக்கிரமாவே கொதிச்சிட்டு. ஷிப்டு மாத்துற நேரத்துக்கு கிளாஸத் தூக்கிட்டு பாய்லர் ரூமுக்கு ஓடுனேன். அங்கன பிரம்மநாயகம் நாலஞ்சு பேர வச்சு கதை சொல்லிக்கிட்டு இருக்காரு. அதுல ரெண்டு பேரு கிறிஸ்தவங்க, அவுகளும் வாயத் தொறந்துக்கிட்டுக் கேக்காவ.

"அவரு என்னையத்தான் பாத்தாருவே. அம்புட்டுச் சனத்துல நேரா எம் மொகத்த! எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சிட்டு. காந்திமதி அழுதுட்டா."

இன்னாசி உள்ள வந்தாரு. கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சு வழி விட்டுது. பிரம்மநாயகம் மொகத்துல கொஞ்சமாவது கலக்கம் வரணும்லா? வரல. மனுசன் பைக்குள்ள கைய விட்டு எதையோ எடுத்தாரு. சட்டையில குத்துற ஊசி வச்ச வட்டப் படம், பாப்பரசர் படம். ரோட்டோரம் வித்திருக்கான்.

"உமக்குத்தான்வே வாங்குனேன்"னு நீட்டுனாரு.

இன்னாசி அத வாங்கல. "வயித்து வலி எப்படி இருக்கு?"ன்னாரு.

"எது? ஆங், அது போயிட்டு."

"எப்பப் போச்சு? அவரு உம்மப் பாத்தப்பவா, அதுக்கு முந்தியேவா?"

கூட்டத்துல ஒருத்தன் சிரிச்சான். சிராஜ் இருந்திருந்தா அப்பவே சமாளிச்சிருப்பாரு. ஆளு ஊருல இருக்காரே.

"எதுக்குவே பொய் சொன்னீரு?"

"உண்மையச் சொன்னா விட்டிருப்பீரா?" பிரம்மநாயகம் கொரலு எறங்கிட்டு. "ஒண்ணரை மாசமா நீருதான எங் காதுல ஓதுனீரு? கண்ணு பட்டாப் போதும், வேற சென்மம்னு? கேட்டுக் கேட்டு எனக்குத் தூக்கம் போச்சு. பெரிய மகான் நம்ம ஊரு ரோட்டுல போறாரு, நான் இங்கன கரி அள்ளிக்கிட்டு நிக்கணுமா? நீரு அந்த வீட்டு ஆளுவே. உமக்கு அவரு என்னைக்கும் உண்டு. நான் விருந்தாளி. பந்தியில விருந்தாளிதான மொதல்ல உக்காரணும்?"

"கூப்பிட்டு வந்தாதான்வே விருந்தாளி."

பிரம்மநாயகம் தலையத் தொங்கப் போட்டாரு.

"கேட்டிருந்தா சாவந்த் கால்ல விழுந்தாவது இன்னொரு ஆள வாங்கியிருப்பேன். ரெண்டு பேரும் போயிருப்போம். உமக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு பக்கம், அந்தக் கம்பத்துக்கிட்ட எடமா இல்ல?" இன்னாசி கோவமாப் பேசல. அதுதான் கேக்கவே கஷ்டமா இருந்துது. "சயான் வரைக்கும் உமக்காகச் செபம் சொல்லிக்கிட்டே வந்தேன்வே. ஒரு நல்ல செபத்தை வீணாக்கிட்டீரே."

பிரம்மநாயகம் அந்தப் படத்தைத் தண்ணிக் கண்ணாடிக்குக் கீழ இருக்க பலகையில வச்சிட்டு வெளிய போயிட்டாரு.

இப்ப பாருங்க சிக்கலை. பாப்பரசர் படத்தை கிறிஸ்தவன் தீயில போட முடியுமா? முடியாது. தூக்கி எறியவும் ஆகாது. சட்டையில குத்திக்கவும் மனசு வரல. அந்தப் படத்தையே ரொம்ப நேரம் பாத்துட்டு, கடைசியில அந்தோணியாருக்குப் பக்கத்துல ஆணியில மாட்டுனாரு. மாட்டிட்டு, தான் உக்காருற ஸ்டூலத் தூக்கி எதுத்த மூலையில போட்டுக்கிட்டாரு. அங்கன இருந்து பாத்தா படம் தெரியாது. தண்ணிக் கண்ணாடியும் சரியாத் தெரியாது. அதனால அன்னையில இருந்து பத்து தடவ எந்திரிச்சி வந்து பாக்கணும்.

அதோட பேச்சு முறிஞ்சுது. ஆனா பாய்லர்ல ஒரு வழக்கம் உண்டு. ஷிப்டு மாத்தும்போது தண்ணி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, கரி எவ்வளவுன்னு போறவரு வாயால சொல்லணும், வாறவரு கேட்டுத் தலையாட்டணும். அதச் சொல்லாமப் போகக் கூடாது. முந்தியெல்லாம் இந்த ரெண்டு பேரும் ஷிப்டு மாத்துனா ஒரு மணிநேரம் கதை ஓடும். இப்ப, "தண்ணி பாதி. பிரஷர் சரி. கரி ரெண்டு வண்டி." "சரி." அம்புட்டுதான். ரெண்டு பேரும் வேற வேற பக்கம் பாத்துக்கிட்டுச் சொல்லுவாவ. சிராஜ் ஊருல இருந்து வந்து பேசிப் பாத்தும் ஒண்ணும் நடக்கல.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மாதா கோயில் சாமியார் வீடு மந்திரிக்க வந்தாரு. சேசம்மா அவருகிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டா போல. தகரத்துக்கு அந்தப் பக்கம் சாமியார் சொல்லுதாரு, "இன்னாசி, பாலன் பொறக்கப் போறாரு. மனசுல பகையை வச்சிக்கிட்டு பூசையில எப்படி நன்மை வாங்குவ? மன்னிச்சிரு."

"மன்னிச்சிட்டேன் சாமி."

"நெசமாவா?"

"நெசமாத்தான். அவன் நல்லா இருக்கட்டும். ஆனா இனிமே எனக்காக அவன் ஒரு நாளும் டூட்டி பாக்கக் கூடாது. இது மன்னிப்புல சேராதுலா சாமி?"

சாமியாரு அதுக்கு என்ன சொல்லுவாரு? தீர்த்தத்தைக் கொஞ்சம் கூடவே தெளிச்சிட்டுப் போனாரு. எங்க பக்கமும் ரெண்டு சொட்டு விழுந்துது.

பிரம்மநாயகம் சாவந்துக்கிட்டப் போய், கிறிஸ்துமஸுக்கு நான் நிக்கேன், ரெண்டு ஷிப்டும் நிக்கேன்னு சொல்லியிருக்காரு. இன்னாசி போய், எனக்கு சுட்டியே வேண்டாம், லீவெல்லாம் எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு. சாவந்துக்கு ஒண்ணும் புரியல. "கிறிஸ்தவன் கிறிஸ்துமஸுக்கு சுட்டி வேண்டாங்கான், இந்து டூட்டி வேணும்னு அழுவுதான், இந்த மதராஸிங்களே இப்படித்தான்"னு எங்கிட்ட வந்து பொலம்புனாரு.

கிறிஸ்துமஸ் அன்னைக்கு காலப் பூசைக்கு சேசம்மாவும் பிள்ளையும் மட்டும்தான் போனாவ. கோயில்ல எல்லாரும் கேட்டிருக்காவ, எங்க அவுகன்னு. டூட்டின்னு சொல்லிட்டு வந்தாளாம். கொழந்த யேசுவ முத்தி செய்யுற வரிசையில செல்வமேரி, அப்பாவுக்கும் சேத்து ரெண்டு முத்தம் குடுத்துட்டு வந்ததா எங்க வீட்டுல வந்து சொல்லுச்சு. சேசம்மா வருசா வருசம் போல ஒரு தட்டுல முறுக்கும் அதிரசமும் வச்சு காந்திமதிக்குக் குடுத்துவிட்டா. தட்டு திரும்பி வரயில அதுல சீனி இருந்துது. அந்தச் சீனியப் போட்ட காப்பிய இன்னாசி தொடல.

ஒரு நாளு காந்திமதியே வந்துட்டா. "அண்ணாச்சி எதுக்கு இப்படிச் செய்யுதாவ? எங்களத் தெருவுல வச்சுத் திட்டிட்டாக்கூடத் தேவல."

சேசம்மா சொன்னா, "எங்கிட்ட மட்டும் பேசுதாரா? சோறு வை, கொழம்பு ஊத்து. அதத் தவிர ஒண்ணும் கெடையாது. நானும் உங்களோட சேந்து அங்கன நின்னவதான?"

பொங்கல் வந்துது. இந்தத் தடவ இன்னாசி நிக்க மாட்டாரு, பிரம்மநாயகம் கரி அள்ளிக்கிட்டே பொங்கல் கொண்டாடட்டும்னுதான் கம்பெனியே நெனைச்சுது. நானும் அப்படித்தான் நாலு பேருகிட்ட பந்தயம் கட்டாத குறையாச் சொல்லி வச்சிருந்தேன். எம் பேச்சு பொய்யாப் போச்சு. இன்னாசி தானாப் போய் சாவந்துக்கிட்ட, பொங்கலுக்கு பிரம்மநாயகம் ஷிப்டையும் நான் பாக்கேன், அவருக்கு சுட்டி குடுத்துருங்கன்னு சொல்லிட்டாரு. கேட்டவுக எல்லாரும் ஆஹா, சமாதானமாயிட்டாவன்னு நெனைச்சாவ.

பொங்கலன்னைக்கு காலையில நான் ரெண்டு கிளாஸ் டீயோட பாய்லர் ரூமுக்குள்ள போறேன், பிரம்மநாயகம் அங்கன நிக்காரு. புது வேட்டி, நெத்தி நெறைய திருநீறு. குளிரு காய வந்த பயலுவ சுவத்தோட ஒட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கானுவ.

"விடும்வே, நான் பாத்துக்கிடுதேன். நீரு வீட்டுக்குப் போயி பிள்ளையோட இரும்."

"இன்னைக்கு டூட்டி என்னோடது. உமக்கு சுட்டி."

"எனக்கு வேண்டாம்வே இந்த சுட்டி! அங்கன பானை அடுப்புல ஏறியிருக்கு, காந்திமதி அதுக்கு முன்னால உக்காந்து அழுதுக்கிட்டிருக்கா. எத்தன நாளைக்கு இப்படி?"

"நீரு உம்ம பண்டிகையக் கொண்டாடும். தீவாளிக்கும் நான் நிக்கேன். கந்தசஷ்டிக்கும் நிக்கேன்."

"கிறிஸ்துமஸுக்கு?"

"அதுக்கும் நான்தான்."

பிரம்மநாயகம் பதிலுக்கு வேட்டிய மடிச்சுக் கட்டி, இன்னொரு சவள எடுத்தாரு. ரெண்டாவது அடுப்புக் கதவத் தொறந்து கரிய வீசுனாரு. நான் டீய நீட்டுனேன். பிரம்மநாயகம் ஒரு கையை நீட்டவும் செஞ்சாரு.

"ஒரு டீ போதும் வானமாமலை. டூட்டியில ஒரு ஆளுதான இருக்கு" அப்படின்னாரு இன்னாசி.

நீட்டுன கை அப்படியே சவளுக்குத் திரும்பிட்டு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் அள்ளுறாவ. இவரு ஒண்ணு போட்டா அவரு ரெண்டு போடுதாரு. அவரு ரெண்டு போட்டா இவரு மூணு. ஒரு ஆளு போடுற அடுப்புல ரெண்டு பேரு வீம்புக்குப் போட்டா என்னாவும்? பிரஷர் முள்ளு ஏறுது. யாரும் முள்ளப் பாக்கல. திடீர்னு மேல சேஃப்டி வால்வு தொறந்துக்கிட்டு ஒரு சத்தம், செம்பூரு ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். குளிரு காய வந்தவனெல்லாம் மப்ளரைப் புடிச்சிக்கிட்டு ஓடிட்டான். சாவந்த் எங்கிருந்தோ பறந்து வந்தாரு. ஆவிக்குள்ள இருந்து பிரம்மநாயகத்தச் சட்டையப் புடிச்சு இழுத்து வெளிய தள்ளுனாரு. சுட்டி எடுத்தவனுக்கு இங்கன என்ன வேலைன்னு கத்துனாரு.

பிரம்மநாயகம் கேட்டுப் பக்கம் நடந்தாரு. புது வேட்டி முட்டு வரைக்கும் கரி. ரெண்டு தடவ திரும்பிப் பாத்தாரு. இன்னாசி காத்துக் கதவ மூடி, தண்ணிய ஏத்தி, வால்வு அடங்குற வரைக்கும் தலைய நிமுத்தல.

எல்லாம் அடங்குன பெறவு நான் கேட்டேன். நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லாவே. சரி போன்னு. மனுசன் அம்புட்டுதான கேக்காரு?"

"சொல்லிட்டா போயிரும்வே."

"போனாப் போவட்டுமே. நல்லதுதான?"

இன்னாசி ஸ்டூல்ல உக்காந்தாரு. மொகமெல்லாம் வேர்வை. "அன்னைக்கு அந்த ரோட்டுக்குப் போன எல்லாரும் ஒண்ணு வாங்கிட்டு வந்தாவ. எம் பிள்ள அவரு கையைப் பாத்துச்சு. சேசம்மா பாத்தா. காந்திமதி பாத்தா. அந்தப் பயலுக்கு அவரு மொகமே கெடைச்சிட்டு. எனக்கு அந்த நாள்ல இருந்து கெடைச்சது இந்த மனத்தாங்கல் ஒண்ணுதான். இதையும் குடுத்துட்டா பெறவு எங்கிட்ட என்னவே இருக்கு?"

மிச்சமிருந்த ஆறுன டீய நான் தூக்கிக்கிட்டேன். அவரு எந்திரிச்சி, தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு பாக்க கண்ணாடிக்கிட்ட போனாரு.